பெயரையே மொழியாகக் கொண்ட உயிர்கள்: போகிமான் தொடரின் வரலாறு

வணிகத்தின் வயிற்றிலும் கலை பிறப்பதுண்டு. பிறந்த பிள்ளையைத் தாய் எவ்வளவு தூரம் தன்போக்கில் நடக்க விடுவாள் என்பதே அதன்பின் எழும் வினா. 1997 ஏப்ரல் 1ஆம் நாள் ஜப்பானின் டிவி டோக்கியோ நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'பாக்கெட் மான்ஸ்டர்' என்னும் அனிமேத் தொடரின் வரலாறு அவ்வினாவைச் சுற்றியே அமைந்தது. அப்பெயர் 'போகிமான்' எனச் சுருங்கியது. உலகமும் அவ்வாறே அழைத்தது. கையடக்கக் கருவியில் ஆடும் ஒரு வீடியோ விளையாட்டிலிருந்து கிளைத்த சிறுவர் தொடரில் இலக்கிய அன்பர்கள் காண என்ன இருக்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் பெயர், சொல், மௌனம் ஆகியவை குறித்து ஆழ்ந்து எண்ணிய எழுத்தாளர் ஒருவர் இத்தொடரின் தொடக்க ஆண்டுகளில் அதன் கதைத் தலைமையில் இருந்தார். அவர் எழுதியதும், எழுத எண்ணி இயலாமற் போனதும் சேர்ந்ததே இவ்வரலாறு.

வண்டு பிடித்த சிறுவன்

விளையாட்டை உருவாக்கிய சதோஷி தஜிரி 1965இல் பிறந்தவர். டோக்கியோவின் புறநகராகிய மச்சிதாவில் வளர்ந்தவர். அந்நாளில் அங்கு வயல்களும் குளங்களும் மரச்சோலைகளும் எஞ்சியிருந்தன. வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடித்து, அவற்றின் இயல்பறிந்து, தோழரோடு மாற்றிக்கொள்வதே அவருடைய இளமைப் பொழுதுபோக்கு. தோழர்கள் அவரைப் 'பூச்சி டாக்டர்' என்றே அழைத்தனர். கோடை விடுமுறையில் வலையும் கூடையும் ஏந்திப் பூச்சி தேடி அலைவது ஜப்பானியச் சிறுவர்களின் நெடுநாள் வழக்கம். ஈயையும் தத்துக்கிளியையும் பாடிய இஸ்ஸா போன்ற ஹைக்கூக் கவிஞர்களை அந்நாட்டார் கொண்டாடுவதன் பின்னே இந்த நெருக்கமும் உண்டு. நகரம் விரிந்தது, வயல்கள் மறைந்தன, குளங்கள் தூர்ந்தன. அவ்விடங்களில் கட்டடங்களும், காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுக் கூடங்களும் எழுந்தன. பூச்சிகளை இழந்த சிறுவன் அக்கூடங்களுக்குள் நுழைந்தான்.

1983இல் தஜிரி 'கேம் ஃப்ரீக்' என்ற பெயரில், கையால் எழுதிப் படியெடுத்த சிற்றிதழ் ஒன்றைத் தொடங்கினார். விளையாட்டுகளின் நுட்பங்களை ஆராய்வது அதன் நோக்கம். அதனைக் கண்டு தேடி வந்த கென் சுகிமோரி என்னும் ஓவியர் இதழுக்குப் படம் வரைந்தார். சிற்றிதழ் நடத்தியோர் பின்னாளில் இயக்கமாக வளர்வது எழுத்துலகில் புதிதன்று. இங்கு இதழே 1989இல் அதே பெயரில் விளையாட்டு செய்யும் நிறுவனமாயிற்று. அதே ஆண்டில் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. இரு கருவிகளை ஒரு கம்பியால் இணைக்க இயலும். பிறர் அதனைப் போட்டிக்கான பாலமாகக் கருத, தஜிரியின் மனக்கண்ணில் அக்கம்பியின் வழியே ஒரு பூச்சி ஊர்ந்து மறுகருவிக்குச் சென்றது. மறைந்த குளங்களை நகரத்துச் சிறுவனின் சட்டைப்பைக்குள் மீட்டுத் தர ஒரு வழி புலப்பட்டது.

அவ்வெண்ணம் விளையாட்டாக உருப்பெற ஏறத்தாழ 6 ஆண்டுகள் பிடித்தன. 1996 பிப்ரவரி 27இல் சிவப்பு, பச்சை என இரு பதிப்புகள் வெளிவந்தன. சில உயிரினங்கள் ஒரு பதிப்பில் மட்டுமே கிடைக்கும். ஆகவே தனியொருவன் தொகுப்பை முழுமையாக்க இயலாது. தோழன் வேண்டும், கொடுத்து வாங்க வேண்டும். விளம்பரம் பேசிய 150 உயிர்களுக்கு அப்பால், நிரலாளர் ஒருவர் இறுதி வேளையில் மறைத்துவைத்த 'மியூ' என்னும் 151ஆம் உயிர் பற்றிய வதந்தி பள்ளிக்கூடங்களில் பரவியது. விளையாட்டு மெல்ல மெல்லத் தொன்மத்தின் தன்மையை எய்தியது.

பேசாத நாயகனுக்குக் குரல்

இவ்விளையாட்டைத் தொடராக்கும் முயற்சியைச் சிறுவர் இதழ்களை நடத்திய ஷோகக்குகான் பதிப்பகம் முன்னெடுத்தது. ஓ.எல்.எம். என்ற படக்கூடம் தயாரிப்பை ஏற்றது. குனிஹிகோ யுயாமா இயக்குநரானார். தொடரின் கதைப்போக்கை வகுக்கும் தலைமை எழுத்தாளர் பொறுப்பு தகேஷி ஷூதோவிடம் வந்தது.

அவர்கள் எதிர்கொண்ட இடர் புதுமையானது. விளையாட்டில் நாயகன் வாய் திறப்பதில்லை. ஆடும் சிறுவனே நாயகன். அந்த வெற்றிடத்துக்கு முகமும் குணமும் தர வேண்டியிருந்தது. தொடரின் நாயகன் 10 வயதுச் சிறுவன். விளையாட்டை ஈன்றவரின் பெயரையே சூட்டி அவனுக்குச் சதோஷி என்றனர். அவனுடைய போட்டியாளனுக்கு, தஜிரி மதித்த மூத்த வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோதோவின் பெயர் வாய்த்தது.

முதல் நாளே சதோஷி தூங்கிப்போகிறான். பேராசிரியரிடம் சென்று சேரும்போது விளையாட்டில் வழங்கப்படும் மூன்று உயிர்களும் பிறர் கைக்குப் போய்விட்டன. எஞ்சியிருப்பது பிகாச்சு என்னும் மின்னெலி ஒன்றே. அதுவோ அடங்காதது, தன்னை அடைக்கும் பந்துக்குள் புக மறுப்பது. தோற்றவனும் மறுப்பவனும் சேர்ந்து புறப்படுவதே தொடக்கம். பறவைக் கூட்டம் ஒன்று தாக்க, அடிபட்ட பிகாச்சுவைக் காக்கச் சதோஷி தன் உடலைக் கேடயமாக்குகிறான். மழை ஓய்ந்த வானவில்லின்மேல் அவன் காணும் பொன்னிறப் பறவை எதுவென அன்றைய விளையாட்டில் எவருக்கும் தெரியாது. அது 1999இல் வந்த அடுத்த விளையாட்டில்தான் இடம்பெற்றது.

பிகாச்சு என்ற பெயரே ஒரு சிறு கவிதை. 'பிகா' என்பது ஒளி மின்னுவதைக் குறிக்கும் ஜப்பானிய ஒலிக்குறிப்பு. இரட்டித்துச் சொன்னால் நம் 'பளபள' போன்றது. 'சூ' என்பது எலியின் கீச்சொலி. ஒளியும் ஒலியும் கூடி ஓர் உயிருக்குப் பெயராயின. தொடரில் இவ்வுயிர்களிற் பெரும்பாலானவை தம் பெயரைத் தவிர வேறெதுவும் பேசா. அந்த ஒரு சொல்லை நீட்டியும் குறுக்கியும் உடைத்தும் சினம், பசி, ஏக்கம், நாணம் அனைத்தையும் உணர்த்தும் கடமை குரல் கலைஞர் இகுவே ஓதானிக்கு வாய்த்தது. அவர் அதனை எவ்வளவு நிறைவாகச் செய்தார் என்பதற்கு ஒரு சான்று போதும்: பிற நாடுகளில் ஏனைய பாத்திரங்களின் குரல்கள் மாற்றப்பட்ட போதும், பிகாச்சுவின் குரல் பெரும்பாலும் அவருடையதாகவே நீடித்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரு சொல்லை அவர் உருவாக்கிவிட்டார்.

விளையாட்டுக்கு விளம்பரமாக வந்த தொடர், ஒன்றரை ஆண்டுக்குள் விளையாட்டை மாற்றியது. 1998 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த பதிப்பில் பிகாச்சு பந்துக்குள் புகாமல் ஆடுபவனின் பின்னே நடந்து வந்தது. நிழல் உருவத்தைத் திருத்தியது எனலாம்.

தீயோரின் செய்யுள்

ஷூதோவின் கைவண்ணம் முழுமையாக வெளிப்பட்டது எதிர்நாயகர் மூவரிடத்தே. பிகாச்சுவைக் கவர முயன்று ஒவ்வொரு வாரமும் தோற்கும் ராக்கெட் குழுவின் இருவர்க்கு முசாஷி, கோஜிரோ என்பன பெயர்கள். 1612இல் கன்ரியூத் தீவில் வாட்போர் புரிந்ததாகச் சொல்லப்படும் புகழ்மிக்க வீரர் இருவரின் பெயர்கள் அவை. ஒருவரையொருவர் எதிர்த்தவர்களின் பெயர்களைப் பிரியாத் தோழர்களுக்குச் சூட்டியதில் நகையும் உண்டு, நயமும் உண்டு. அமெரிக்கப் பதிப்பில் இவர்கள் ஜெஸ்ஸி, ஜேம்ஸ் ஆயினர்; சேர்த்துப் படித்தால் அந்நாட்டுக் கொள்ளைக்காரன் ஒருவனின் பெயர். நல்ல மொழிபெயர்ப்பு சொல்லை விட்டுக் குறிப்பைப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

மூன்றாவது உறுப்பினன் நியாஸ் என்னும் பூனை. அதன் நெற்றியில் ஒரு பொற்காசு. 'பூனைக்குப் பொற்காசு' என்பது ஜப்பானியப் பழமொழி. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பதை ஒத்தது. இத்தொடரில் மனிதமொழி பேசும் உயிர்கள் மிகச் சில. நியாஸ் அவற்றுள் ஒன்று. அதன் முற்கதையைச் சொல்லும் பகுதி தொடரின் மணிமுடி. தெருப்பூனையாய்த் திரிந்த நியாஸ், பெண்பூனை ஒன்றின்மேல் காதல் கொள்கிறது. அவள் மனிதரையே விரும்புவதாகச் சொல்ல, இரு கால்களால் நடக்கவும் மனிதரைப் போலப் பேசவும் அரும்பாடுபட்டுக் கற்கிறது. கற்றபின் அவளிடம் செல்கிறது. பேசும் பூனை அருவருப்பானது என அவள் ஒதுக்கிவிடுகிறாள். ஆற்றல் முழுவதையும் மொழிக்கே செலவிட்டதால் தன்னினத்துக்குரிய போர்த்திறன்களையும் அதனால் கற்க இயலாமற் போகிறது. தன் பெயரை மட்டுமே பேசும் உயிர்கள் நிறைந்த உலகில், சொல்லைப் பெற்றவன் இனத்தை இழந்தான். மொழியைத் தொழிலாகக் கொண்டோர் எவரும் இக்கதையை வெறும் சிறுவர் வேடிக்கையாகக் கடந்துவிட இயலாது.

இம்மூவரும் தோன்றும்போதெல்லாம் முறைவைத்து ஒப்பிக்கும் அறிமுக வரிகள் ஜப்பானியச் சிறுவர்க்கு மனப்பாடம். உலகைக் காப்பதாகவும், அன்பும் உண்மையும் நிறைந்த தீமையே தங்கள் வழி என்றும் முழங்கும் அவ்வரிகள் தீமையையே எள்ளி நகையாடுபவை.

நான்கு திங்கள் மௌனம்

1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை. 38ஆம் பகுதி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. சதோஷியும் தோழரும் போரிகோன் என்னும் செயற்கை உயிருடன் கணினிக்குள் புகுவது கதை. பிகாச்சுவின் மின்னல் எறிகணைகளைத் தாக்கும் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை என்ற அளவில் மாறி மாறி ஒளிர்ந்தன. படத்தொழிலாளர் 'பாகாபாகா' என வழங்கும் பழகிய உத்திதான் அது. சில நொடிகளே நீடித்த அவ்வொளியால் நாடெங்கும் சிறுவர்கள் வலிப்பும் மயக்கமும் குமட்டலும் கண்டனர். மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டோர் 685 பேர். உயிரிழப்பு இல்லை, பெரும்பாலோர் விரைவில் நலமுற்றனர். ஆயினும் நாடு அதிர்ந்தது. தொடர் நிறுத்தப்பட்டது, அப்பகுதி மீண்டும் எங்கும் ஒளிபரப்பாகவில்லை.

ஆய்வுகள் நடந்தன. 1998 ஏப்ரலில் ஜப்பானிய ஒளிபரப்பு அமைப்புகள் புதிய நெறிகளை வகுத்தன. வேகமாக மின்னும் காட்சிகள், குறிப்பாகச் சிவப்பொளி, கட்டுக்குள் வந்தன. வெளிச்சமான அறையில், திரையிலிருந்து விலகி அமர்ந்து காணுமாறு சிறுவரை வேண்டும் அறிவிப்பு அனிமே நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வழக்கமாயிற்று. ஒரு தவறு ஒரு துறைக்கே ஒழுக்கம் கற்பித்தது.

ஆனால் தண்டனை யாருக்கு? ஒளியை எழுப்பியது கதைப்படி பிகாச்சுவின் மின்னல். நாட்டின் செல்லப்பிள்ளையாகிவிட்ட பிகாச்சுவை விலக்க வணிகம் இசையாது. போரிகோனோ அதன்பின் கதைமாந்தனாக ஒருபோதும் திரும்பவில்லை. அதன் வளர்ந்த வடிவங்களும் உடன் மறைந்தன. குற்றமற்ற எளியது பழி சுமக்க, பொருள் ஈட்டித் தருவது காக்கப்பட்டது.

4 மாதங்களுக்குப் பின், 1998 ஏப்ரல் 16இல் தொடர் மீண்டது. அன்று ஒளிபரப்பானவற்றுள் ஒன்று காட்டுப் பிகாச்சுகளின் கதை. தன் இனத்தோடு வாழ்வதே பிகாச்சுவுக்கு நல்லதெனச் சதோஷி அதனை விட்டுவிட்டு அழுதபடி ஓடுகிறான். அது அவனைத் தேடித் திரும்புகிறது. நான்கு திங்கள் பிரிந்திருந்த சிறுவர்களுக்கு அக்காட்சி வேறு பொருளும் தந்திருக்கும்.

எழுதப்படாத முடிவு

அதே ஆண்டு ஜூலை 18இல் வெளிவந்த முதல் திரைப்படத்தில் ஷூதோ தம் ஆழ்ந்த வினாவை எழுப்பினார். மியூவின் உயிரணுவிலிருந்து மனிதர் படியெடுத்துச் செய்த மியூட்டூ, தான் யார், எதற்காகப் பிறந்தேன் என்று கேட்கிறது. மூலமும் படியும் ஒன்றையொன்று வீழ்த்தக் களைத்துப் போராடுகின்றன. எது உண்மை என்ற வழக்குக்குப் படம் தீர்ப்புச் சொல்வதில்லை. பிறந்துவிட்ட பின் எல்லாம் உயிரே என்ற உணர்வில் நிற்கிறது. 1999இல் அமெரிக்காவில் திரையிட்டபோது, சண்டை தீது என்னும் அறிவுரை உரையாடலில் சேர்க்கப்பட்டது. வினா இருந்த இடத்தில் நீதிபோதனை அமர்ந்தது.

தொடர் எவ்வாறு முடிய வேண்டும் என்பது குறித்தும் ஷூதோவுக்கு ஒரு கனவு இருந்ததைப் பின்னாளில் அவர் எழுதிய நினைவுக் கட்டுரைகள் காட்டுகின்றன. போகிமான்கள் மனிதர்க்கு எதிராக எழும். பிகாச்சுவும் சதோஷியும் எதிரெதிர் நிற்க நேரும். இரு மொழியும் அறிந்த நியாஸும் அதன் தோழரும் இடைநின்று சமன் செய்வர். இறுதியில் முதியவராகிவிட்ட சதோஷி தம் இளமையை நினைத்துப் பார்ப்பார். விற்பனை பெருகப் பெருக, முடிவு என்பதே வேண்டாத ஒன்றாயிற்று. முடிவில்லாத் தொடருக்கு முடிவு எழுதிவைத்திருந்தவர் 2000களின் தொடக்கத்தில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2010 அக்டோபரில் தம் 61ஆம் வயதில் மறைந்தார்.

சதோஷிக்கு வயது ஏறவேயில்லை. பலமுறை தோற்று, தொப்பியைத் திருப்பி அணிந்து, மீண்டும் புறப்பட்டான். 2022 நவம்பரில், தொடங்கி 25 ஆண்டுகளுக்குப் பின், உலக வாகையன் ஆனான். முதல் நாள் அவனைப் பார்த்த சிறுவர்கள் தம் மக்களை மடியில் இருத்தி அவ்வெற்றியைக் கண்டனர். 2023 மார்ச்சில் அவனுடைய கதை விடைபெற்றது. ரிகா மத்சுமோதோ ஏறத்தாழ 26 ஆண்டுகள் அவனுக்குக் குரல் தந்திருந்தார். ஏப்ரலில் லிகோ, ராய் என்னும் புதிய நாயகர்களுடன் தொடர் தொடர்ந்தது.

வணிகம் முடிவை மறுத்தது உண்மை. எனினும் மறுக்கப்பட்ட எழுத்தாளர் விட்டுச்சென்றவை அழியவில்லை. ஒரு சொல்லால் அனைத்தும் பேசும் எலியும், எல்லாச் சொல்லும் கற்று எவரையும் அடையாத பூனையும் நிலைத்துவிட்டன. மச்சிதாவின் குளம் தூர்ந்தது. அதன் வண்டுகள் உலகெங்கும் ஊர்கின்றன.