ஓவியம் மரக்கட்டை அச்சாதல்: எட்வர்ட் முங்க்

வர்ணச் சித்திரமொன்றை மரக்கட்டையில் செதுக்கி, மையிட்டுத் தாளில் பதிக்கும் கலை ஜப்பானில் ஓவியர், செதுக்குவோர், அச்சிடுவோர், பதிப்பாளர் ஆகிய நால்வரின் கூட்டு முயற்சியாக வளர்ந்தது. மதுரைப் பெருங்கோயிலை 1930களின் தொடக்கத்தில் அச்சுச் சித்திரமாக்கிய யோஷிதா ஹிரோஷியும் அம்மரபில் வந்தவரே. நார்வேயில் இக்கலைக்கு வேறொரு மார்க்கம் வகுத்தவர் எட்வர்ட் முங்க் (1863–1944).

1896இல் பாரிஸில் மரச்செதுக்கைத் தொடங்கிய முங்க், தாம் 1893இல் தீட்டிய ‘நிலவொளி’யை அங்கேயே அச்சுக்குக் கொண்டுவந்தபோது, வேலியோரம் நின்ற பெண்ணுருவம் முகமும் நிழலுமாகச் சுருங்கிற்று. வர்ணத்துக்கொரு கட்டை என்பது ஜப்பானிய வழக்கம். அவரோ ஒரே கட்டையை மெல்லிய வாளால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மையிட்டு, மீண்டும் பொருத்தி, ஒரே அழுத்தத்தில் பதித்தார். 1899இல் வெளிவந்த ‘தனித்தோர்’ என்னும் அச்சில் ஆடவன் கரையோடு ஒரே துண்டாயிருக்க, பெண் மட்டும் தனித்துண்டாய் அறுக்கப்பட்டிருப்பதால், அவ்விருவருக்கும் இடையிலுள்ள அந்தரத்தை வாளே வரைந்துவிட்டது எனலாம். இவ்விஷயத்தில் அச்சு ஓவியத்தை விஞ்சியதென்பதே நம் அபிப்பிராயம். அதன் மூலமான 1892ஆம் ஆண்டு ஓவியம் 1901இல் கப்பலில் நேர்ந்த வெடிவிபத்தில் அழிந்தது. 1902ஆம் ஆண்டின் ‘முத்தம்’ அச்சிலோ, பின்னணி முழுவதும் பலகையின் இயற்கை ரேகைகளே.

செதுக்கியவர் அவரேயாயினும், பதிப்பதில் பாரிஸின் ஓகுஸ்த் குளோ, பெர்லினின் லசாலி, கிரிஸ்டியானியாவின் (1925 முதல் ஒஸ்லோ) நீல்சன் முதலிய அச்சகத்தாரின் துணை அவருக்கு வேண்டியிருந்தது. குளோவின் அச்சகத்தில், வர்ணங்கள் எவையென்று வினவப்பட்டபோது, முங்க் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார் என்று ஓவியர் பால் ஹெர்மான் நினைவுகூர்ந்துள்ளார். அது கல்லச்சைப் பற்றிய செய்தியாயினும், அவர் வேலை செய்த முறை அதனால் விளங்கும். வர்ணத்தை மாற்றி மாற்றிப் பதிப்பித்த காரணத்தால், ஒரே கட்டையின் பிரதிகளுள்ளும் ஒன்று மற்றொன்றைப் போலிராது.

ஏறத்தாழ 18,000 அச்சுப் பிரதிகளை அறுத்த கட்டைகளோடு அவர் ஒஸ்லோ நகருக்கே சாசனம் செய்தார். 1963இல் அந்நகரின் தோயன் பகுதியில் அவற்றுக்கெனக் காட்சிசாலை திறக்கப்பட்டது. 2021இல் அது பியோர்விக்காத் துறைமுகப் பகுதிக்கு மாறியது.