சுரங்கத் தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நலப் பயிற்சி

சுரங்கத்தில் வேலைக்குச் சேருபவருக்கு இந்தியச் சட்டம் கட்டாயமாக்கிய தொழிற்பயிற்சி இது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் 1966இல் வந்த சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் இதன் அடிப்படை. புதிதாகச் சேருபவருக்கு அடிப்படைப் பயிற்சி, ஏற்கெனவே இருப்பவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி, வெடி, இயந்திரம் போன்ற வேலைகளுக்குத் தனிப் பயிற்சி என்று விதிகள் பிரிக்கின்றன. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் இதைக் கண்காணிக்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சுரங்கம் என்றால் மண்ணுக்கடியில் குடைந்து போவதல்ல, திறந்தவெளிக் குழி. ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை 1970இல் தொடங்கியது. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் பெயரில் அமைந்த ஆர்.ஆர். நகரில் ராம்கோ சிமெண்ட் ஆலை இருக்கிறது. பந்தல்குடியில் அதன் சுண்ணாம்புக்கல் சுரங்கம். இவை போக, மாவட்டம் முழுக்கக் கல் குவாரிகள். முறையான வகுப்பறை, பயிற்சிச் சான்று, மருத்துவப் பதிவேடு எல்லாம் பெரிய சுரங்கத்துக்கு எளிதில் அமைந்துவிடும். பத்து, இருபது பேர் வேலை செய்யும் குவாரியில்தான் சிக்கல்.

பயிற்சியில் கூடுதல் நேரம் தர வேண்டிய பாடம் வெடிதான். கம்பரசரில் துளை போட்டு, தோட்டா இறக்கி, வாயை மண்ணால் அடைத்து, சங்கு ஊதி, சிவப்புக் கொடியோடு ஆளை நிறுத்திச் சுற்றிலும் 500 மீட்டருக்கு ஆள் நடமாட்டத்தை விலக்கிய பிறகே வேட்டு. எத்தனை வைத்தோம், எத்தனை வெடித்தது என்று காது கொடுத்து எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால், திரி வைத்த வெடியென்றால் அரை மணி நேரம் அருகில் போகக்கூடாது. வெடிக்காத துளையிலேயே மறுபடி துளைபோடுவது உயிரோடு விளையாடுவது. புதுத் துளை தள்ளித்தான். இதையெல்லாம் தேர்வு எழுதிச் சான்று பெற்ற வெடிப்பாளரான பிளாஸ்டரே செய்யலாம். கெட்டிப் பாறையில் படிக்கட்டு போல வெட்டி இறங்க வேண்டும், ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது 1961ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் கட்டளை. கல் குவாரிக்கும் அதுவே பொருந்தும். செங்குத்துச் சுவராக வெட்டினால் இடம் மிச்சம், கல் அதிகம். மீறலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் நள்ளிரவில் குவாரிப் பாறை சரிந்து நான்கு பேர் இறந்தனர். 2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டத்திலேயே, காரியாபட்டி அருகே, குவாரிக்கான வெடிமருந்து வெடித்து மூவர் பலியாயினர். தோட்டாவை வண்டியிலிருந்து இறக்குவதும், வைப்பறையில் அடுக்குவதும் வேட்டு வைப்பதைவிடக் குறைந்த ஆபத்தல்ல. பயிற்சி பிளாஸ்டரோடு நின்றால் சுமை தூக்குபவர் விடுபட்டுப்போகிறார்.

1952 சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. ஜல்லி, கட்டடக் கல், சரளை போன்றவற்றை எடுக்கும் குழி 6 மீட்டர் ஆழத்துக்குள், 50 பேருக்குள், வெடி வைக்காமல் நடந்தால் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி அதற்குப் பொருந்தாமல் இருந்தது. ஆறு மீட்டர் என்பது சில மாத வேலை. குழி அந்த அளவைத் தாண்டிய நாளிலிருந்தே சட்டம் முழுமையாகப் பொருந்தியது. தாண்டிய நாளை யாரும் அறிவித்துக்கொண்டதில்லை. 2020ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது பழைய சுரங்கச் சட்டம் அதற்குள் அடங்கியது.

உடல்நலப் பாடத்தில் முதலிடம் தூசிக்கு. சுண்ணாம்புக்கல்லைவிடக் கருங்கல் தூசியில் சிலிகா அதிகம். அது நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு மருந்து இல்லை. வருமுன் தடுப்பது ஒன்றே வழி. துளைபோடும்போது தண்ணீர் விடுவதுதான் முதல் தடுப்பு, முகக்கவசம் அதற்குப் பிறகு. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது நுண்தூசியைத் தடுக்காது என்பதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனெனில் குவாரியில் பார்க்கக்கூடியது பெரும்பாலும் அந்தத் துண்டுதான். 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் வேலையில் சேரும்போதும், பின்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் மார்பு எக்ஸ்ரே உள்ளிட்ட பரிசோதனையைக் கேட்கின்றன. நோய் தெரிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி மூன்று, நான்கு குவாரி மாறியிருப்பார், பழைய எக்ஸ்ரே அவரோடு போவதில்லை. குவாரியை விட்டுத் தள்ளித் தனியாக நிற்கும், கல்லை உடைக்கும் கிரஷரோ பழைய சுரங்கச் சட்டத்துக்குள் வராமல் தொழிற்சாலைச் சட்டத்தின் பக்கம் போய்விட்டது. அங்கே தூசி குவாரியைவிட அதிகம்.