கொரியாவின் பன்சோரியும் நமது கவியும்

கொரியத் தொடர்நாடகங்கள் இன்று நமது பிரதேசத்து வீடுகளிலும் கைத்தொலைபேசி வழியே பார்க்கப்படுகின்றன. மொழியறியாத இளைஞர்களையும் அவை கலங்கவைப்பது ஏன் என வியப்போர் உளர். தமது பழைய துயரத்தைப் புதிய திரைக்குக் கொண்டுவரக் கொரியர் கற்றிருந்தமையே காரணம் என்பது நமது எண்ணம்.

அத்துயரத்தை அவர்கள் 'ஹன்' என்பர். தீராத அநீதியும் பிரிவும் நெஞ்சில் படிந்து உறைந்த நிலை அது. அதனைத் தாங்கி நிற்கும் இசைவடிவம் பன்சோரி. ஒரு பாடகர், ஒரு முரசுக்காரர், அவ்வளவே. முழுக்கதையையும் பாடி முடிக்கச் சிலவேளை எட்டு மணித்தியாலம் செல்லும். ஜப்பானிய ஆட்சி, போர், மேலைநாட்டு இசை யாவும் அதனை ஓரங்கட்டின. தென்கொரிய அரசு 1962 இல் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, 1964 இல் பன்சோரியை அதன்கீழ்க் கொணர்ந்தது. தேர்ந்த பாடகர்களுக்கு உதவித்தொகை வழங்கி மாணவர்க்குக் கற்பிக்கச் செய்தது.

1993 இல் இம் குவொன்தேக் இயக்கிய 'சொப்யொன்ஜே' ஊரூராக அலையும் பன்சோரிக் குடும்பமொன்றின் கதை. மேலைநாட்டு வாத்தியக்குழு கடந்து செல்கையில் அவர்களின் குரல் அமிழ்ந்துபோகும் காட்சி நம்மையும் சுடும். சோல் நகரில் மட்டும் பத்து இலட்சம் பேருக்கு மேல் பார்த்த முதலாவது கொரியப் படம் அது. குரலில் துயரம் ஊறவேண்டுமென்று தந்தை வளர்ப்பு மகளின் பார்வையைப் பறிப்பதை மாத்திரம் நம்மால் ஏற்க இயலவில்லை. துயரத்தை எவரும் உற்பத்தி செய்யவேண்டியதில்லை. நமது கரையோரத்தில் அதற்குப் பஞ்சம் இருந்ததுமில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் 'கவி' அத்தகைய மனத்திலிருந்து எழுந்ததே. காவற்பரணில் விழித்திருந்தவனும், கணவன் வட்டையில் தங்கிவிட வீட்டில் தனித்திருந்தவளும் மச்சான், மச்சி என்று விளித்துப் பாடியவை அவை. இசை கூடுமா என்ற வாதம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. கவிக்கோ வாத்தியமே வேண்டியதில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிடின் சொற்களும் எஞ்சியிரா. ஆயினும் இழுத்துப் பாடும் அந்த இராகத்தை அச்செழுத்து காட்டாது. எருமை கட்டிச் சூடடித்த களவெட்டிக்கு இயந்திரம் வந்தபின் பாடுவதற்குரிய இரவுகளும் அருகிவிட்டன.

வரிப்பத்தான்சேனை, இறக்காமம் போன்ற வயற்கிராமங்களின் மூத்தம்மாமாரிடம் எஞ்சியுள்ள கவிகளை, அவர்களின் சம்மதத்துடன், பாடப்பட்ட சந்தர்ப்பத்தையும் குறித்து ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இதனை முன்னின்று நடத்தலாம். அதுவரை காத்திராமல் பாடசாலை மாணவரும் தொடங்கலாம். கொரியத் தொடர் பார்க்கும் கைத்தொலைபேசியே இதற்குப் போதும்.