திரும்பி வந்த கல்

ஹவாயின் பெரிய தீவில், கிலாவேயா எரிமலைச் சரிவில் மௌனா உலு என்றொரு வாய் உண்டு. 1969 முதல் 1974 வரை, நடுவே சில மாதம் ஓய்ந்து, குழம்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. அந்தக் குழம்பில் ஒரு துண்டின் கதை இது.

கை நிறைய இருக்கும், ஆனால் கனக்காது. உள்ளிருந்த வாயு முழுக்க வெளியேறுமுன் இறுகிவிட்டதால் உடம்பெல்லாம் துளை. விரலை ஓட்டினால் கீறும். வெயிலில் திருப்பிப் பார்த்தால் ஒரு துளையோரம் கடுகளவு பச்சை மினுங்கும்; அது ஒலிவின்.

ஹவாய் மக்களுக்கு இது வெறும் கல்லல்ல, பெலே அம்மனின் உடம்பு. அவள் வீடு உச்சியிலுள்ள ஹலேமாஉமாஉ பள்ளம். அங்கே புதரில் பழுக்கும் ஓஹெலோ பழத்தைக்கூட முதலில் அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வாயில் போடுவார்கள்.

ஹிலோ நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களில் ஒருவர் குனிந்தார்; கல் பைக்குள் போனது. இந்த இடம் தேசியப் பூங்கா; இங்கே கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அதை அவர் நினைக்கவில்லை. விமானம் ஏறிய கல், கடல் தாண்டி ஒரு வரவேற்பறை அலமாரியில் உட்கார்ந்தது.

பிறகு வேலை போனது, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையானார். பார்வை கல்லின் மேல் விழுந்தது. கல்லை எடுத்தவரைப் பெலே விடமாட்டாள் என்று எப்போதோ கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கடிதத்தோடு கல் தபாலில் ஏறியது. இப்படிப் பொட்டலங்கள் பூங்காவுக்கு வந்தபடியே இருக்கின்றன.

இந்தச் சாபம் பழைய மரபில் இல்லை என்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் கிளம்பிய பேச்சு. கல் திருட்டால் நொந்துபோன பூங்காக் காவலர் ஒருவர் கட்டிவிட்டது என்றும், வண்டியெல்லாம் மண்ணாவதைப் பொறுக்காத சுற்றுலா ஓட்டுநர்கள் கிளப்பியது என்றும் சொல்வதுண்டு. இருக்கட்டும். முதலில் பெலேவுக்குக் கொடுத்துவிட்டு எடுப்பது என்ற அந்த ஓஹெலோப் பழ வழக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது இருந்திருந்தால் சாபத்துக்கு வேலையே வந்திருக்காது.

ஊர் திரும்பிய கல் மௌனா உலுவுக்குப் போகவில்லை. வெளியூர் விதையோ பூச்சியோ ஒட்டி வந்திருக்கலாம். எந்தக் குழம்பின் கல் என்பதும் தெரியாமல் கண்ட இடத்தில் போட்டால் பாறையை ஆராய்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். அதனால், அதைப் போலவே தபாலில் வந்த கற்களின் குவியலில் சேர்த்துவிட்டார்கள். கடிதத்தை ஒருவர் பிரித்துப் படித்தார்.