பட்டாளத்து ரிவால்வர் மாதிரியே... ஆனால் .32!

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் துப்பாக்கியோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் சட்டம், சந்தை, சரக்கு பற்றிய கதைதான்.

நம்ம கடலூரிலிருந்தே தொடங்கலாம். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. பீரங்கியால் சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்துத்தான் பேரம். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர். அன்று குண்டு போன தூரம் அதிகாரத்தின் எல்லை. பிற்காலத்தில் குண்டின் பருமனே எல்லை ஆனது. எப்படி?

1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதம் வைத்திருக்க இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. அந்த வெள்ளை அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது பெரும்பாலும் வெப்லி ரிவால்வர். முதல் உலகப்போரில் .455 தோட்டா போடும் மார்க் 6. இரண்டாம் உலகப்போரில் .38 தோட்டா போடும் மார்க் 4. பூட்டை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடங்கும், காலித் தோட்டாக்கள் எல்லாம் ஒன்றாக வெளியே வந்து விழும். பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962 விதிகள் ஒரு கோடு போட்டன. .380, .455, ராணுவ 9 எம்.எம். தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய ரிவால்வரோ பிஸ்டலோ சாதாரண லைசென்ஸில் கிடையாது. காரணம் எளிது. படைக்கிடங்கிலிருந்து தோட்டா வெளியே கசிந்தாலும் அதைச் சுடத் தனியார் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

அப்படியானால் அந்தப் பழைய ரிவால்வர் போலவே ஒன்று வேண்டுபவர் என்ன செய்வார்? அதற்குப் பதில் கான்பூரில் இருக்கிறது. அங்குள்ள அரசுத் தொழிற்சாலை வெப்லி மார்க் 4-ன் அமைப்பை அப்படியே எடுத்து, துளையை மட்டும் .32 ஆக்கி (சுமார் 8 மி.மீ.) ரிவால்வர் செய்தது. அதே மடங்கும் குழல், அதே ஆறு தோட்டா. 2014-ல் வந்த 'நிர்பீக்' கூட இந்த வம்சம்தான். எடை சுமார் 500 கிராம், அன்றைய விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய்!

பிஸ்டலிலும் இதே கதை. இந்திய ராணுவத்தின் 9 எம்.எம். 1ஏ பிஸ்டல், பெல்ஜியத்தின் பிரவுனிங் ஹை-பவர் வடிவம், இஷாப்பூரில் தயாரானது. பொதுமக்களுக்குக் காசிப்பூர் அரசுத் தொழிற்சாலை விற்றது .32 'அஷானி'.

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980-களில் நின்றுபோனது. உள்ளூரில் கைத்துப்பாக்கி விற்றது நெடுநாள் அரசு மட்டுமே. போட்டி இல்லை என்றால் மாடல் மாறுமா? இரண்டாம் உலகப்போர்க் கால வடிவம் 2010-களிலும் புதுச்சரக்காக விற்றது. பக்கவாட்டில் திறக்கும் 'பிரபல்' ரிவால்வர் கான்பூரிலிருந்து 2023-ல்தான் வந்தது. அதுவும் .32தான்!

ஆக, பழைய எஜமானின் துப்பாக்கி வடிவம் குடிமகனுக்குக் கிடைத்தது. தோட்டா மட்டும் அரசின் கையிலேயே தங்கிவிட்டது. என்னைக் கேட்டால் அது நல்லதுதான். வெப்லியின் அழகை ரசிக்க மியூசியம் போதும். ஆனால் 1878-ல் ஆளின் நிறம் பார்த்தார்கள், 1962-ல் தோட்டாவின் அளவு பார்த்தார்கள். அந்த மாற்றம் சாதாரணமானது இல்லை.