பட்டியலில் விட்டுப்போன எண்

1877இல் மலாயாவின் பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, கோலா கங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்ட ரப்பர் கன்றுகள் ஒன்பது என்பார்கள். ஒன்பது கன்றை ஒரே நீளமாக நடலாம், இல்லையென்றால் மூன்று நிரையில் மும்மூன்றாக. பன்னிரண்டு இருந்திருந்தால்? 1, 2, 3, 4, 6, 12 என எத்தனை நிரையாகவும் பிரிக்கலாம். 12க்கு ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சுகிற இத்தகைய எண்களுக்குப் பெயர் வைத்து இலக்கணமும் வகுத்தவர் ராமானுஜன். 'உயர் பகு எண்கள்' எனலாம். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தாவாக இருந்தவர், 1914 மார்ச்சில் 'நெவாசா' கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். மறு ஆண்டே லண்டன் கணிதக் கழக இதழில் இதுபற்றிய கட்டுரை வந்துவிட்டது. கழகத்துக்கு அப்போது பணமுடை. அச்சுச் செலவைக் குறைக்க, எழுதியதில் ஒரு பகுதியை அவரே நிறுத்திவைத்தார். அப்படியும் அறுபது பக்கத்துக்கு மேல்! ஊரில் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கிடைத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான்.

அவர் நிறுவியவற்றில் ஒன்று இது: உயர் பகு எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று வரிசையாகவே வரும், நடுவில் எதுவும் விடுபடாது. அடுக்குகள் போகப்போகக் குறையலாம், அதிகரிக்காது.

கட்டுரையில் 6,746,328,388,800 வரை ஒரு பட்டியலும் உண்டு. கணினி இல்லாத காலம். அதில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று: 293,318,625,600.

2ஐ ஆறு தடவை, 3ஐ நான்கு தடவை, 5ஐயும் 7ஐயும் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19ஐ ஒவ்வொரு தடவை எடுத்துப் பெருக்கினால் இந்த எண் வரும். காரணிகள் எத்தனை என்று அறிய ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கவேண்டும்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040. இந்த 5040 சாதாரண ஆள் இல்லை. அதுவும் உயர் பகு எண்தான், 60 காரணிகள் கொண்டது. பங்கு பிரிக்க வசதி என்று பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் ஒரு நகரத்துக்கு வகுத்த குடிகளின் எண்ணிக்கையும் 5040.

இவ்வளவு பெரிய பட்டியலில் ஒன்று தவறியதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். தவறியது எது என்பதுதான் வியப்பு. விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண் அப்படியே வரும். அதன் காரணிகள் சரியாக இரு மடங்கு, 10,080.