படப்பைப் பத்திரங்களின் கூட்டெழுத்து

படப்பை வட்டாரத்தில் நிலம் கைமாறிய கதை முழுக்க ஒருகாலத்தில் கையெழுத்தில்தான் இருந்தது. பத்திரம் எழுதியே பிழைத்தவன் நான். எங்கள் எழுத்து பள்ளிக்கூடத்து எழுத்தல்ல. பேனாவைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போகும் கூட்டெழுத்து. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று ஒரே சுழிப்பில் விழும். பழைய பத்திரங்கள் பலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இராது. ஓலையில் எழுதிய காலத்து வழக்கம் அது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நிலப் பத்திரங்களை சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவேண்டும். அதையும் கையால்தான் எழுதினார்கள். ஏரிக்கரை, வரப்பு, பக்கத்து நிலக்காரர் பெயர் என நான்கெல்லையைப் பிசகாமல் இறக்குவது லேசான வேலையா? அந்த நகலெழுத்தர்களை யாரும் நினைவில் வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பிறகு எங்கள் வட்டாரமே மாறியது. 1998இல் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. வயல்கள் மனைகளாயின. இடையில், 2000இல், ஸ்டார் திட்டம் பதிவுத்துறைக்குள் கணினியைக் கொண்டுவந்திருந்தது. 2018இல் பதிவு இணையவழிக்கு மாறியது.

இப்போது கடனுக்காக மூலப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் பத்திரத்தில் ஒரு வரி புரிவதில்லை. படித்துச் சொல்ல ஆள் குறைந்துவருகிறது. இந்த எழுத்தை வாசிக்கப் பதிவுத்துறையே பயிற்சி தரவேண்டும், தெரிந்தவர்கள் இருக்கும்போதே.